எங்கே போகிறாய் என்று கேட்காதவள்

1

லண்டனில் நோர்பரி என்ற இடத்தில் ஒரு தேவாலய மண்டபத்தின் பின்புறச் சமையலறையில் நான் வேலை செய்கிறேன். அங்கே இரண்டு அடுப்புகள். ஜன்னல் பக்கத்து அடுப்பு என்னுடையது. கதவுப் பக்கத்து அடுப்பு மரிசோலுடையது. அதைக் கடைசியாக மூட்டிச் சில கிழமைகள் ஆகிவிட்டன. ஆனாலும் ஒவ்வொரு நாளும் வந்தவுடன் அதன் காஸ் திருகியைத் தொட்டுப் பார்க்கிறேன். மூடித்தான் இருக்கிறது. எரியாத அடுப்பின் காஸை யார் வந்து திறக்கப் போகிறார்கள்? இருந்தும் பார்க்காமல் வெங்காயம் உரிக்கக் கை வருவதில்லை. என் சுபாவம் அது. வீட்டைப் பூட்டிவிட்டுப் பஸ் தரிப்பு வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறவள் நான்.

திங்கட்கிழமை மண்டபப் பொறுப்பாளர் அம்மா எட்டிப் பார்த்தார். "கலா, அந்தப் பக்கத்துக்கு வேறு யாரையாவது பார்க்கவா? அல்லது நீங்களே முழுவதையும் எடுத்துக்கொள்கிறீர்களா? வெள்ளிக்கிழமை சொன்னால் போதும், அவசரமில்லை."

அவசரமில்லை என்று வெள்ளைக்காரர் சொன்னால் எனக்கு அன்றிரவே நித்திரை போய்விடும். முழுவதையும் எடுக்க எனக்கு வசதி இல்லை. புதிதாக வருகிற ஒருவரோடு ஒரே கூரையின் கீழ் நிற்க எனக்குத் தைரியமும் இல்லை.

நாளை வெள்ளிக்கிழமை.

2

மரிசோலை எனக்கு எப்படித் தெரியும் என்று சொல்லிவிடுகிறேன். அவள் கொலம்பியாக்காரி. என்னைவிட இளையவள். விடியற்காலையில் அலுவலகங்கள் கூட்டித் துடைத்துவிட்டு, பிறகு இங்கே வந்து எம்பனாடா பொரித்து விற்பாள். நான் பற்றீஸ், றோல்ஸ் செய்து தமிழ்க் கடைகளுக்குக் கொடுக்கிறேன்.

முதல் நாள் அவளுடைய தட்டைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அரைவட்டம், மடித்த ஓரம், முள்ளுக்கரண்டியால் அழுத்திய கோடுகள். என்னுடைய பற்றீஸ் மாதிரியே. அவளும் என் தட்டைப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்தாள். எங்கள் இருவருடைய இங்கிலீசையும் உள்ளபடி எழுதினால் உங்களுக்கும் விளங்காது, எங்களுக்கும் வெட்கம். அதனால் அவள் பேச்சை எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன்.

"நீ என்ர எம்பனாடாவைப் பாத்தே செய்யிறாய்?"

"நான் பிறக்க முந்தியே எங்கட ஊரில பற்றீஸ் இருந்தது."

"அப்ப சாப்பிட்டுப் பாப்பம், ஆர் கள்ளி எண்டு."

மாறி மாறிச் சாப்பிட்டோம். அவளுடையது சோளமாவு, என்னுடையது கோதுமை மாவு. உள்ளே இரண்டிலும் உருளைக்கிழங்கு. அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "மாவுக்குள்ள நெருப்பை மடிச்சு வைச்சிருக்கிறாய், பெண்ணே!" என்றாள். இந்த நாட்டில் என் மகளையும் கணவனையும் தவிர வேறொருவரோடு ஒரே தட்டில் கை வைத்துச் சாப்பிட்டது அன்றுதான் முதல் தடவை. அவரோடும் அடிக்கடி இல்லை. அவருக்குப் பெற்றோல் நிலையத்தில் இரவு ஷிப்ட். அவர் வந்து படுக்கும்போது நான் வெளிக்கிடுவேன்.

ஒருநாள் கவுன்சிலில் இருந்து சுகாதார அதிகாரி சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டார். அவர் கேட்டதற்கெல்லாம் "யெஸ், யெஸ்" என்றேன். இங்கே எலித் தொல்லை உண்டா என்று கேட்டார். அதற்கும் யெஸ், கூடவே தாங்க்யூ. அதிகாரி பேனையைத் திறந்தார். மரிசோல் பாய்ந்து வந்தாள்.

"ஐயா, இவ பயத்தில எல்லாத்துக்கும் ஓம் எண்டுவா. நீ இங்கிலாந்து மகாராணியோ எண்டு கேட்டுப் பாருங்கோ, அதுக்கும் ஓம் எண்டுவா."

அந்த மனிதர் சிரித்துவிட்டார். எங்களுக்கு நல்ல மதிப்பெண் கிடைத்தது. அவர் போன பிறகும் நான் கதவைப் பார்த்துக்கொண்டே நின்றேன். "கெதியா, கெதியா, எண்ணெய் கருகுது" என்றாள் மரிசோல். சீக்கிரம் என்பதற்கு நாங்கள் சொல்கிற கெதியா, என்னிடமிருந்து அவள் எடுத்துக்கொண்ட சொல். அவளிடமிருந்து நான் எடுத்தது லிஸ்ட்டோ. முடிந்தது, ஆயத்தம் என்று பொருள். பெட்டி கட்டி முடித்ததும் இரண்டு பேரும் லிஸ்ட்டோ என்போம். வீட்டில் சோறு வடித்தாலும் எனக்கு அது வாயில் வந்துவிடும். கேட்க அங்கே ஆள் இருக்காது.

3

போன வருடம் அவள் ஒரு பயிற்சியில் சேர்ந்தாள். தொழில் செய்கிற லத்தீன் அமெரிக்கப் பெண்களுக்கென்றே நடத்துவது. சனிக்கிழமைகளில் வகுப்பு. தலைமுடி வெட்டுகிறவள், துப்புரவுக் கொம்பனி தொடங்கியவள், கணக்காளர், தையற்காரி என்று பலவிதமான பெண்கள். ஒவ்வொருத்திக்கும் வழிகாட்டியாக ஒரு மூத்த பெண். அவளும் அதே பக்கத்து நாடுகளிலிருந்து வந்து, இங்கே அடிபட்டு மேலே போனவள். மரிசோலுக்குக் கிடைத்தவர் பெயாத்ரிஸ். பெரு நாட்டுக்காரி, ஏதோ வங்கியின் தலைமையகத்தில் பெரிய பதவி.

முதல் பாடம், எதற்கெடுத்தாலும் மன்னியுங்கள் என்று "சொறி" சொல்லாமல் பேசுவது. மரிசோல் வாயைத் திறந்தாலே சொறி என்றுதான் தொடங்குவாள். நானும் அப்படித்தான். பஸ்ஸில் என் காலை மிதித்தவரிடமே நான் சொறி கேட்டிருக்கிறேன். வீட்டுப்பாடத்துக்கு அவள் என்னைப் பிடித்துக்கொண்டாள். நான் வங்கி மனேஜர். கையில் எண்ணெய் வடிக்கிற கரண்டி.

"சொல்லும் அம்மா, உமக்கு என்ன வேணும்?"

"சொறி சேர், நான்..."

"சொறி சொன்னீர். வெளியில போம்!"

அவள் கதவுக்கு வெளியே போய்த் திரும்பி வருவாள். மறுபடி துரத்துவேன். கடைசியில் ஒருநாள் நிமிர்ந்து நின்று சொன்னாள்: "என்ர பேர் மரிசோல். நான் செய்யிற சாப்பாட்டை ஆக்கள் தேடி வருகினம். எனக்குக் கடை போட இடம் வேணும்." கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். எனக்கே கடன் கொடுக்க வேண்டும் போல இருந்தது.

"இப்ப உன்ர முறை" என்றாள்.

"எனக்கேன்? அது உங்கட ஆக்களுக்கு."

"சும்மா சொல்லு."

நின்றேன். "நான் கலா. பற்றீஸ்..." என்றேன். அதற்கு மேல் வரவில்லை.

"பற்றீஸை நான் பாத்திட்டன். நீ ஆர்?"

அடுப்பில் ஒன்றும் இல்லாதபோதே எண்ணெய் கொதிக்கிறது என்று சொல்லித் தப்பினேன்.

அன்று பஸ்ஸில் வரும்போது எங்கள் பெண்களுக்கும் இப்படி ஒன்று இருக்கிறதா என்று யோசித்தேன். இருக்கலாம், எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது கோயில், பிறகு பழைய மாணவர் சங்கங்கள். ஊரில் எந்தப் பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொன்னாலும் லண்டனில் அதற்கொரு சங்கம் இருக்கும்; ஒன்றுகூடலும் இராப்போசனமும் இருக்கும். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். இடம்பெயர்ந்து போன ஊரில் பள்ளிக்கூடமே அகதி முகாமாக இருந்தது. நாங்கள் படுத்தது ஒன்பதாம் வகுப்பு அறையில். அதனால் நான் எந்தச் சங்கத்துக்கும் பழைய மாணவி இல்லை.

4

ஒருநாள் பெயாத்ரிஸ் எங்கள் சமையலறைக்கே வந்தார். நல்ல நீளக் கோட்டு. அதை மடித்து மாவு மூட்டைக்கு மேலே வைத்துவிட்டுச் சாதாரணமாகக் கை கழுவினார். என் பற்றீஸ் இரண்டு சாப்பிட்டார். நான் கடைகளுக்குக் கொண்டுபோகிற பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டிய நேரம், பின்னாலிருந்து கேட்டார்:

"இவ்வளவையும் தூக்கிக்கொண்டு எங்கே போகிறீர்கள், கலா?"

நான் அப்படியே நின்றேன். திரும்பி உள்ளே வந்து பெட்டிகளை இறக்கினேன். கதிரையில் உட்கார்ந்தேன். ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்தேன். பிறகு எழும்பிப் பெட்டிகளைத் தூக்கினேன். ஊரில் இருந்து இதை வாசிக்கிற உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அவர்கள் இரண்டு பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன நடந்தது? தலை சுத்துதோ?" மரிசோல் என் நெற்றியைத் தொட்டாள்.

சொன்னேன். வெளிக்கிட்டுப் போகிற ஆளிடம் எங்கே போகிறாய் என்று நாங்கள் கேட்பதில்லை. கேட்டால் போகிற காரியம் தடைப்படும். தெரியாமல் யாராவது கேட்டுவிட்டால் கொஞ்சம் இருந்து, தண்ணீர் குடித்து, புதிதாக வெளிக்கிட வேண்டும்.

"அப்ப என்னெண்டு கேப்பியள்?"

"தூரமோ எண்டு கேப்பம். அவ்வளவுதான்."

"போற இடம் தெரியாட்டி, உங்கட ஆக்கள் எங்க நிக்கினம் எண்டு எப்பிடித் தெரியும்?"

"போய்ச் சேந்த பிறகு சொல்லுவினம்."

"போய்ச் சேராட்டி?"

நான் பெட்டிகளைக் கை மாற்றிப் பிடித்தேன். எங்கள் சனத்தில் அதற்குப் பதில் தெரிந்தவர்கள் நிறையப் பேர்.

பெயாத்ரிஸ் மன்னிப்புக் கேட்டார். மரிசோல் அவரைப் பார்த்து, "சொறி சொன்னீங்கள். வெளியில போங்கோ!" என்றாள். மூவரும் சிரித்தோம்.

5

அதற்குப் பிறகு மரிசோலிடம் ஒரு மாற்றம் தெரிந்தது. நேரத்தோடு போய்விடுவாள். படிக்கட்டில் நின்று ஸ்பானிஷில் நீளமாகத் தொலைபேசுவாள். ஒருநாள் கைப்பைக்குள் அளவுநாடா இருந்தது. இன்னொருநாள் மாவு மேசையில் ஒரு கடதாசியை விரித்துப் பென்சிலால் ஏதோ கட்டம் கட்டமாகக் கீறினாள். நான் கிட்டப் போனதும் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். கடதாசியை மறைக்கவில்லை. இப்போது நினைக்கும்போது, அதை என் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்தியதாகக்கூடத் தோன்றுகிறது.

நான் பார்வையை எடுத்துக்கொண்டேன். வெங்காயம் இருக்கிறதா என்று கேட்டேன்.

எனக்குத் தெரிந்துதான் இருந்தது. அவள் கடைக்கு இடம் பார்க்கிறாள். அது சரிவந்தால் போய்விடுவாள், நான் தனித்துப்போவேன். அந்தப் பயம் ஒருபக்கம். மறுபக்கம், இன்னும் முடியாத காரியத்தை வாயால் கேட்டுக் கெடுத்துவிடக் கூடாது என்ற பயம். எங்கள் ஆட்களைப் பாருங்கள்: விசாவுக்குப் போட்டது, கலியாணம் பேசுவது, வீடு பார்ப்பது எதையும் கை கூடும்வரை சொல்வதில்லை. அறிந்தவர்களும் அறியாத மாதிரி நடப்பார்கள். அதுதான் மரியாதை. நான் கோயிலுக்குப் போய் அவள் பெயரில் ஒரு அர்ச்சனை செய்தேன். ஐயர் நட்சத்திரம் கேட்டார். தெரியாது என்றேன். பெயரைச் சொன்னதும் "மாரி... என்னம்மா?" என்றார். அர்ச்சனை மாரிச்செல்விக்கு நடந்தது. போய்ச் சேர்ந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

மகள் அபி வீட்டை விட்டுப் போனதும் இப்படித்தான். ஒரு வருடமாக நேர்முகத் தேர்வுகளுக்குப் போய் வந்தாள். நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு காலையில் வெளிக்கிடுவாள். நான் வாசலில் நின்று மழை வருமா என்று மட்டும் பார்ப்பேன். லீட்ஸில் வேலை கிடைத்துப் பெட்டி கட்டியபோது, தமிழும் இங்கிலீசும் கலந்து சொன்னாள்: "அம்மா, யூ நெவர் ஆஸ்க்ட். ஒருக்காக்கூட." அவள் போன ஒவ்வொரு நாளும் நான் சாமி விளக்கை அணையவிடாமல் பார்த்துக்கொண்டதை அவளிடம் எப்படிச் சொல்வது? இங்கிலீசில் அதைச் சொன்னால் கேலியாகிவிடும்.

6

பயிற்சியின் கடைசி நாள் ஒரு மாலை விழா. ஒவ்வொருத்தியும் தன் வேலையை அறிந்த ஒருவரை அழைத்துவரலாம். மரிசோல் என்னை அழைத்தாள். சேலை கட்டவா, சட்டை போடவா என்று இரண்டு நாள் மண்டையை உடைத்து, கடைசியில் சேலைக்கு மேலே கம்பளிச் சட்டை போட்டுப் போனேன். லண்டன் பிரிட்ஜ் பக்கத்தில் கண்ணாடிக் கட்டடம். முழுக்க மரிசோலின் ஊர்ப்பக்கத்துப் பெண்கள். கன்னத்தோடு கன்னம் வைத்து ஒருவரையொருவர் வரவேற்றார்கள். எனக்கும் வைத்தார்கள். எந்தக் கன்னத்தை முதலில் கொடுப்பது என்று தெரியாமல் ஒருவரின் மூக்கில் இடித்துவிட்டேன்.

ஒவ்வொருத்தியாக மேடையில் ஏறி, தான் எங்கே போகிறேன் என்று சொன்னாள். அத்தனை பேர் முன்னால், இன்னும் நடக்காத காரியத்தை. மரிசோல் ஏறினாள். சொறி சொல்லவில்லை.

"எலிபன்ட் அன்ட் காசிலில ஒரு சின்னக் கடை எடுத்திருக்கிறன். அடுத்த மாதம் திறக்கிறன்" என்றாள். எலிபன்ட் அன்ட் காசில், லண்டனில் அவர்கள் ஆட்கள் நிறைய இருக்கிற இடம். பிறகு என்னைக் கையால் காட்டினாள். "எனக்கு இரண்டு வழிகாட்டிகள். ஒருத்தர் பெயாத்ரிஸ். மற்றவ அந்தா இருக்கிறா. எண்ணெயை மாத்த வேணும் எண்டு எனக்கு முதல் தெரியிறது அவவுக்குத்தான். என்னைத் துரத்தித் துரத்தி மனேஜர் மாதிரிப் பேசப் பழக்கினதும் அவதான்."

எல்லாரும் திரும்பிப் பார்த்துக் கை தட்டினார்கள். நான் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விழா முடிந்து கோட்டு எடுக்கிற இடத்தில் அவள் என் கையைப் பிடித்தாள்.

"கலா, ஒண்டு சொல்லோணும். நான் கீறின படத்தில இரண்டு அடுப்பு இருந்தது. ஒண்டு உனக்கு. நீ கேப்பாய், கேப்பாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தன்."

நான் மற்றக் கையால் கம்பளிச் சட்டையின் பொத்தானைத் தேடினேன்.

"பெயாத்ரிஸ் சொல்லித் தந்தவ, உன்ர திட்டத்துக்குள்ள ஒருத்தரையும் இழுக்காதே, விருப்பம் உள்ளவை தாங்களாக் கேப்பினம் எண்டு. நீ ஒருநாளும் கேக்கேல்லை. படத்தைக் காட்டின அண்டைக்கு வெங்காயம் கேட்டாய். சரி, உனக்கு விருப்பமில்லை எண்டு விளங்கிக்கொண்டன். இப்ப என்ர மச்சாள் வாறன் எண்டிருக்கிறாள். இன்னும் முடிவாச் சொல்லேல்லை."

நான் தண்ணீர் குடித்த நாளில் அவளும்தான் பக்கத்தில் நின்றாள். ஆனால் எங்கே என்று கேட்காத வழக்கம் பெட்டி தூக்கிக்கொண்டு போகிறவளுக்கு மட்டும் என்று அவள் நினைத்திருக்கிறாள். கடைக்கும் வேலைக்கும் வாழ்க்கைக்கும் அதே கதைதான் என்று நான் சொல்லவில்லை. அதைத் தனியாகச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எங்களுக்குள் ஒருவரும் சொல்வதில்லையே.

"நல்லது, நல்லது" என்றேன். வேறென்ன சொன்னேன் என்று ஞாபகமில்லை. ரயிலில் இடம் இருந்தும் தோர்ண்டன் ஹீத் வரை நின்றுகொண்டே வந்தேன்.

7

நேற்று அபிக்குத் தொலைபேசி எடுத்தேன். வழக்கமாகச் சாப்பிட்டியா, குளிரோ என்று கேட்பேன். நேற்று, "நீ இனி எங்கை போற யோசனை? லீட்ஸிலயே இருக்கப் போறியோ?" என்று கேட்டேன்.



"அம்மா, ஆர் யூ ஓகே? அப்பாக்கு ஏதும்...?"

"ஒண்டுமில்லை. சும்மா கேட்டனான்."

"ஐ டோன்ட் நோ, அம்மா" என்றாள். பிறகு மெல்ல, "நோபடி ஆஸ்க்ஸ் மீ தட்" என்றாள். அதன்பிறகு அவள் பேசியதில் பாதி எனக்கு விளங்கவில்லை. இங்கிலீசு வேகமாக வந்தது. நிறுத்தச் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டிருந்தேன்.

இன்று காலை பற்றீஸ் பொரித்து ஒரு டப்பாவில் அடுக்கினேன். கதவுப் பக்கத்து அடுப்பின் காஸைத் தொட்டுப் பார்த்தேன். சமையலறையைப் பூட்டி வீட்டுக்கு வந்து, அன்று விழாவுக்குப் போட்ட கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டேன். பக்கத்து வீட்டுப் பரமேஸ் அக்கா குப்பைத் தொட்டியை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார். டப்பாவைப் பார்த்தார், சட்டையைப் பார்த்தார். முறைப்படி கேட்டார்:

"தூரமோ பிள்ளை?"

"ஓம் அக்கா" என்று சொல்லிவிட்டுப் போயிருக்க வேண்டும். இத்தனை வருடமும் அப்படித்தான் போயிருக்கிறேன். எனக்கே தெரியாமல் வாய் திறந்துகொண்டது.

"எலிபன்ட் அன்ட் காசிலுக்குப் போறன் அக்கா. அந்தக் கொலம்பியாப் பிள்ளை கடை திறக்கிறாள். அங்க எனக்கு ஒரு அடுப்பு தருவியோ எண்டு கேக்கப் போறன்."

அக்காவின் கை குப்பைத் தொட்டியிலேயே நின்றுவிட்டது. "ஐயோ பிள்ளை, நான் கேக்கேல்லையே! ஏன் வாயாலை சொன்னனீ? வா, உள்ளுக்கு வந்து இரு. ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போ."

என் கால் அவர் வாசல் பக்கம் திரும்பியது உண்மை.

"வேண்டாம் அக்கா. பஸ் வருது."

பஸ் வரவில்லை. தரிப்பில் நெடுநேரம் நின்றேன். பூட்டை இழுத்துப் பார்க்கத் திரும்பிப் போகவும் இல்லை, பரமேஸ் அக்கா வாசலிலேயே நின்றதால்.

இப்போது பஸ்ஸின் மேல்தட்டில் உட்கார்ந்து, கைத்தொலைபேசியில் அபி போட்டுத் தந்த தமிழ் எழுத்துகளைத் தட்டித் தட்டி இதை எழுதுகிறேன். டப்பா மடியில் சுடுகிறது. பக்கத்து இருக்கையில் ஆள் இல்லை. மச்சாள் அந்த அடுப்புக்கு ஏற்கெனவே வந்திருக்கலாம். மரிசோல் சிரித்து, "பிந்திப்போச்சு கலா" என்று சொல்லலாம். சொறி சொல்லாமல் கேட்க வேண்டும் என்று மனதுக்குள் சொல்லிப் பார்க்கிறேன். நான் கலா. அதற்கு மேல் இன்னும் வரவில்லை. பஸ் ஸ்ட்ரத்தமைத் தாண்டிக்கொண்டிருக்கிறது.

போய்ச் சேர்ந்த பிறகுதான் இதையெல்லாம் எழுதியிருக்க வேண்டும். நான் இன்னும் போய்ச் சேரவில்லை. உங்களுக்கும் சொல்லிவிட்டேன்.